இடப்பக்கம் பலூச்சி, வலப்பக்கம் மோங்

எது நல்லது என்று அந்த அக்காவிடம் கேட்கவே கூடாது. கேட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

என் தம்பி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவரைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான் செய்த புத்திகெட்ட வேலைகளில் ஒன்று. நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு புடவை மிஞ்சின. ஒன்று மயில்கழுத்து நிறம், இன்னொன்று அரக்கு. "எது நல்லாருக்குக்கா?" என்று கேட்டேன். அவர் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இதுல பார்டர் சின்னது மா, அதனால கலர் பேசுது. அதுல பார்டர் பேசுது, கலர் சும்மா கேட்டுனு இருக்குது" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. எது வேண்டுமென்று சொல்லுங்கள் மேடம் என்று கன்னடத்தில் கெஞ்சினார். என்னிடம் கேட்காதீர்கள், கட்டப்போகிறவளிடம் கேளுங்கள் என்று இவரும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டுத் திரும்பவும் புடவையைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்றாவதாக ஒரு பச்சையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பச்சையை இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபீசில் நான் அவருக்கு டீம் லீட். வயதில் அவர் என்னைவிட ஆறு வருடம் மூத்தவர். மற்ற எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நான் மட்டும் அக்கா என்பேன். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்து, அங்கேயே இருந்தவர். குள்ளம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை, அதன்மேல் பெரிய ஹெட்போன். அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார் என்றால் பக்கத்தில் நெருப்பு பிடித்தாலும் தெரியாது. எங்கள் ஆபீஸ் இந்திராநகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கம்ப்யூட்டருக்கு மனிதப் பேச்சு புரிய வேண்டும் என்பதற்காக, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்களை நாங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியங்களைப் படிக்க வைத்துப் பதிவு செய்வோம். அதைச் சுத்தம் பண்ணி, துண்டு துண்டாக நறுக்கி, வெளிநாட்டு கிளையண்டுக்கு அனுப்புவோம். மொழியியல் எம்.ஏ. படித்த அவருக்கு, அனுப்பும் முன் கேட்டுச் சரிபார்ப்பது வேலை.

ஒரு திங்கட்கிழமை இரண்டு மொழிகள் ஒன்றாக வந்து இறங்கின. ஒன்று பலூச்சி. பாகிஸ்தானிலும் ஈரானிலும் பேசுவது. மஸ்கட் பக்கமும் நிறையப் பேர் பேசுகிறார்கள். இன்னொன்று மோங். லாவோஸ், வியட்நாம், சீனா மலைகளில் பேசுவது. இரண்டுக்கும் நடுவில் பாதி ஆசியா இருக்கிறது. அவர் போய் நீளமான ஒரு பேரேட்டை வாங்கி வந்தார். இடப்பக்கம் பலூச்சி, வலப்பக்கம் மோங் என்று தலைப்புப் போட்டு, எல்லாவற்றையும் எதிரும் புதிருமாக எழுத ஆரம்பித்தார்.

"ஏன்க்கா, ரெண்டுக்கும் இன்னா சம்மந்தம்?" என்று கேட்டேன்.

"ஒரு சம்மந்தமும் இல்ல. எங்கிட்ட ரெண்டும் ஒரே நாள்ல வந்துச்சு, அதான் சம்மந்தம்."

"அப்ப எதுக்கு இந்த கம்பேரிசன் எல்லாம்?"

"பக்கத்துல பக்கத்துல வெச்சாதான் மா ஒண்ணொண்ணும் தெரியும். மேல கீழ வெச்சா ஒண்ணு மறைஞ்சிடும்."

இதுதான் அவர் அடிக்கடி சொல்வது. பக்கத்தில் வை, மேலே கீழே வைக்காதே. பதவியில் நான் மேல், மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் மேல் என்று ஒருமுறை நான் கிண்டலாகச் சொன்னதற்குக்கூட முகத்தைச் சுளித்தார்.

அந்தப் பேரேட்டை நான் மதியச் சாப்பாட்டு வேளையில் புரட்டுவேன். எனக்கு மொழி இலக்கணம் எல்லாம் ஏறாது. ஆனால் அவர் சொல்லிக் கேட்டால் கதை மாதிரி இருக்கும். பலூச்சியில் வினைச்சொல் நம்முடையதைப் போலவே கடைசியில் வந்து உட்காருமாம், யார் செய்தார்கள் என்பதற்கேற்ப வாலை மாற்றிக்கொள்ளுமாம். மோங்கில் வினை நடுவில் நிற்கும், எதற்கும் மாறாது. ஆனால் குரலை ஏற்றினால் ஒரு பொருள், இறக்கினால் வேறு பொருள், இழுத்தால் இன்னொன்று. "பலூச்சிக்காரங்க வார்த்தையை வளைக்கிறாங்க, மோங்காரங்க குரலை வளைக்கிறாங்க. வளைக்காம யாராலயும் பேச முடியல பாரேன்" என்றார். இன்னொரு நாள் துக்கத்தைப் பற்றி எழுதியிருந்தார். மோங்காரர்களுக்கு சந்தோஷமோ துக்கமோ எல்லாம் ஈரலில்தான். பலூச்சிக்காரர்களுக்கு நெஞ்சில். "நமக்கு?" என்றேன். "நமக்கு வயித்துல. பெத்த வயிறு, வயித்தெரிச்சல், வயித்துல அடிச்சிட்டான். எல்லாம் நம்மளுக்கு வயிறுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அதைச் சொல்லும்போது அவர் தட்டில் தயிர்சாதம் இருந்தது.

லாவோஸ் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மஸ்கட் ஒன்றரை மணி நேரம் பின்னால். இதைக் கண்டுபிடித்த அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நாம கரெக்டா நடுவுல ஒக்காந்திருக்கோம் மா!" என்று என் நாற்காலிவரை வந்து சொன்னார். காலையில் மோங் பதிவு, பிற்பகலில் பலூச்சி. மோங் பேசியவர் லாவோஸின் வடக்கே ஒரு மலையூரில் பெட்டிக்கடை வைத்திருந்த பெண், மூன்று பிள்ளைகள். பலூச்சி பேசியவர் மஸ்கட்டில் ஒரு பெரியவர். காவல்காரர் வேலையிலிருந்து நின்றபின் வீட்டில் இருந்தார். இருவரையும் நாங்கள் பார்த்ததில்லை, குரல்தான். நான் அவர்களை ஸ்பீக்கர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு என்பேன். இவர் கடைக்காரம்மா, பெரியவர் என்பார்.

எங்கள் கருவியில் மூன்று பட்டன்கள் உண்டு. பேச்சு, மௌனம், இரைச்சல். இரைச்சல் என்று அழுத்தினால் அந்தத் துண்டு வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போய்விடும். ஒரு நாள் கடைக்காரம்மாவின் பதிவின் கடைசியில் பீப்பி ஊதுவதுபோல் ஏதோ சத்தம். அவசரத்தில் நான் இரைச்சல் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"அது இரைச்சல் இல்ல. அந்தம்மா இலையை வாயில வெச்சு ஊதிக் காட்டுனாங்க."

"ஊதுனா இரைச்சல்தானக்கா?"

"அவங்க மொழியில குரலோட ஏத்த எறக்கந்தானே அர்த்தம்? அதை மட்டும் இலையில ஊதுனா பழகுன காதுக்குப் புரியும். கேட்டேன் அவங்கள. பதிவு முடிஞ்சிடுச்சு, எல்லாரும் போய்ச் சாப்பிடுங்கன்னு ஊதுனாங்களாம். நம்மளத்தான் மா சொல்லியிருக்காங்க."

குப்பையிலிருந்து அந்தத் துண்டை மீட்டுத் தந்த பிறகுதான் இடத்தைவிட்டு நகர்ந்தார். கிளையண்டுக்கு அது தேவையில்லை என்பதால் தன் கம்ப்யூட்டரில் தனியாக வைத்துக்கொண்டார்.

பெரியவரோடு முதல் நாள் நடந்தது அதைவிட வேடிக்கை. இங்கிருந்து அழைத்தோம். எடுத்தார், சலாம் சொன்னார், பிறகு பேசவே இல்லை. ஐந்து நொடி, பத்து நொடி. லைன் போய்விட்டது என்று நான் கத்த, ஐ.டி. பையன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். இவர் மட்டும் கையைக் காட்டி எங்களை அடக்கினார். எங்கேயோ படித்திருக்கிறார். பலூச்சிகளிடம் வந்த விருந்தாளிதான் முதலில் செய்தி சொல்ல வேண்டும். எங்கே புறப்பட்டேன், வழியில் என்ன கண்டேன், மழை உண்டா, யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல் கேட்பார். பிறகு வீட்டுக்காரர் தன் பங்குக்குச் சொல்வார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்த காரியம். இதற்கு ஹால் என்று பெயர். நம் ஊர் பாய்மார்கள் 'க்யா ஹால்' என்று விசாரிக்கிறார்களே, அதே ஹால்தான். போனில் கூப்பிட்டவர்கள் நாங்கள்; ஆகவே விருந்தாளி நாங்கள். பெரியவர் எங்கள் ஹாலுக்காகக் காத்திருந்தார்.

இவர் அரைகுறை உருதுவில், படித்து வைத்திருந்த நாலு பலூச்சி வார்த்தையைக் கலந்து, சொல்ல ஆரம்பித்தார். காலையில் மர்பி டவுனில் புறப்பட்டேன். எதிர் வீட்டில் பைப் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஆனால் வராது. ஆபீஸ் மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தப் பக்கம் பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, தன் ஹாலைத் தொடங்கினார். அது பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. அதற்கப்புறம்தான் முதல் வாக்கியத்தைப் படித்தார்.

தினமும் இப்படித்தான். ஒரு மணி நேரப் பதிவில் கால் மணி நேரம் ஹாலுக்குப் போய்விடும். குறையுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். "நக்கோ மா, வேணாம், பாவம்" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பலூச்சி தேறியது. ஒரு வருடத்தில் உருதுவின் துணை இல்லாமலே ஹால் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் நாங்கள் இருவரும் சி.எம்.எச். ரோடு வழியாக ஹலசூர்வரை நடப்போம். அவர் மர்பி டவுனுக்குத் திரும்ப, நான் ஆஸ்டின் டவுனுக்கு பஸ் பிடிப்பேன். அந்த நடையில் எங்களுக்குள்ளும் ஹால் வந்துவிட்டது. விளையாட்டாக ஆரம்பித்ததுதான். "ஹால் சொல்லு" என்பார். நான் பேசுவேன். என் மாமியார் சொன்னது, என் வீட்டுக்காரர் சொல்லாதது, பால் பொங்கியது, எல்லாம். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார், அறிவுரையும் சொல்லமாட்டார். பாதையில் பானிபூரி வண்டி வந்தால்கூட என் பேச்சு முடியும்வரை கண்ணால் காட்டமாட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுமை கிடையாது. நானும் அப்படித்தான், யார் பேச்சையும் முடிக்க விடமாட்டேன். என் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்மஸுக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். ஒரு ஞாயிறு தமிழ் ஆராதனை, மறு ஞாயிறு கன்னட ஆராதனை என்று மாறி மாறிப் போகிறவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய அம்மா எனக்கு ரோஸ் குக்கீஸ் எடுத்து வைத்துக்கொண்டே மகளின் கல்யாணம் நின்றுபோன கதையைச் சொன்னார். "ரெண்டு எடம் வந்துச்சு மா. ஒருத்தர் எச்.ஏ.எல்.ல, இன்னொருத்தர் டீச்சரு. எது வேணும்னு கேட்டா, ரெண்டு பேரையும் பேப்பர்ல எழுதி எழுதிப் பாத்துனு இருந்தா இவ. ரெண்டு வருசம்! ரெண்டு பேருக்கும் புள்ளயே பொறந்துடுச்சு." இவர் அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேருமே நல்லவங்கதான் மா" என்று குரல் கொடுத்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம். அம்மாதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார்.

அந்தக் குணம் எனக்கு எப்போதும் இனித்தது என்று சொன்னால் பொய். ஒருமுறை எனக்கும் பக்கத்து டீம் லீடுக்கும் மீட்டிங்கிலேயே சண்டை முற்றிவிட்டது. நியாயம் என் பக்கம், அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாராவது சொல்லுங்களேன் என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் மெதுவாக, "அவங்க சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு, இவரு சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வாரம் அவரோடு நடக்கவில்லை, ஆட்டோவில் போனேன். எட்டாம் நாள் கீழே மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நான் சொன்னதை மாத்திச் சொல்லச் சொல்றியா, இல்ல நடக்க வர்றியா?" என்றார். நடக்கப் போனேன்.

பிறகு அந்த மெயில் வந்தது. கிளையண்ட் முதல் கட்டத்துக்கு ஒரு மொழி போதும் என்றார்கள். இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை கொடுங்கள், ஒன்றைத் தொடருவோம், ஒன்றை நிறுத்துவோம். நிறுத்துகிற மொழியோடு அதைப் பேசுகிறவருக்கும் வேலை போய்விடும். பெரியவருக்கு ஓய்வுக்குப் பின் கையில் இருந்தது இந்த ஒரு வேலைதான். கடைக்காரம்மாவுக்குப் பிள்ளைகளின் படிப்பு இதில்தான் ஓடியது. இதெல்லாம் அவர்களுடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தெரியும். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் டீமில் முடிவு எடுக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப்போகிறேன் என்றார். அது எனக்கான எச்சரிக்கை.

அவர் இரண்டு வாரம் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். பதினோரு பக்கம். நான் படித்ததிலேயே அழகான ஆபீஸ் காகிதம் அதுதான். ஒலி, சொல், எழுத்து, எத்தனை வட்டார வழக்கு, எங்கே என்ன கஷ்டம், எங்கே என்ன சுகம் என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மொழியும் எந்த நாட்டிலும் ஆட்சிமொழி இல்லை, இரண்டும் எல்லைகள் தாண்டிச் சிதறிக் கிடக்கின்றன என்றுகூட எழுதியிருந்தார். முடிவு மட்டும் இல்லை.

"அக்கா, ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதுங்க."

"எந்த வரி மா?"

"எது வேணும், எது வேணான்னு."

"ரெண்டும் வேணும்னு எழுதட்டா?"

"அவங்க அதைக் கேக்கலக்கா."

"அப்ப அவங்க கேக்கறது மொழியைப் பத்தி இல்ல. எனக்கு மொழியைப் பத்தித்தான் தெரியும்."

அன்று நாலு மணிக்கு அறிக்கை போயாக வேண்டும். அவர் கடைக்காரம்மாவோடு ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மேஜையில் கோப்பைத் திறந்தேன். கணக்குப்படி பலூச்சியில் மணிக்குக் கிடைத்த வாக்கியங்கள் குறைவு. ஏன் குறைவு என்று எனக்கு நன்றாகவே தெரியும். அது மொழியின் குறை இல்லை, ஹாலுக்குப் போன நேரம். தெரிந்தும் கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதினேன். 'இரண்டில் மோங் மேல். பலூச்சியில் பதிவு மெதுவாக நடக்கிறது. மோங்கைத் தொடரப் பரிந்துரைக்கிறோம்.' முதல் பக்கத்தில் அவருடைய பெயர் இருந்தது, அதை எடுக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் எல்லோருக்கும் அறிக்கையின் நகல் வந்தது. அவர் என்னிடம் வந்து, "கடைசி வரி யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

"நம்ம டீமோடதுதான்க்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பெரியவருக்குச் சொல்ல வேண்டும். "நீங்களே சொல்லிடுங்கக்கா, உங்ககிட்டதான் அவரு நல்லாப் பேசுவாரு" என்று சொல்லிப் பார்த்தேன். "முடிவு பண்ணவங்கதான் மா சொல்லணும். நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்றார். பிற்பகல் இருவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் ஆஸ்டின் டவுனில் தக்னி உருது பேசி வளர்ந்தவள், உருது தெரிந்தவரோடு பேசுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பெரியவர் எடுத்தார், சலாம் சொன்னார், காத்திருந்தார். ஹால் சொல்ல வேண்டியவள் நான். அதை விட்டுவிட்டு நேராக விஷயத்தைப் போட்டு உடைத்தேன். நாளையிலிருந்து பலூச்சி இல்லை, இதுவரைக்கும் செய்த வேலைக்கு நன்றி.

பெரியவர், யார் அப்படி முடிவு செய்தது என்று உருதுவில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு சொல்லில் பதில் இருந்தது. நான் என்று சொல்லியிருக்கலாம். மேனேஜர், கிளையண்ட், கம்பெனி என்று யாரையாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இது: "மேடம்தான் ரிப்போர்ட் எழுதுனாங்க. ரெண்டுல மோங் மேலன்னு அவங்கதான் எழுதியிருக்காங்க."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். பெரியவர் பலூச்சியில் அவரிடம் ஏதோ கேட்டார். இவர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு பதில் சொன்னார். நாலைந்து வாக்கியம் போக வர ஓடியது. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. பிறகு அழைப்பு முடிந்தது. அவர் ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, "டீ குடிக்கலாமா?" என்றார். அன்றைக்கும் கீழே போய் டீ குடித்தோம்.

அந்த நாலைந்து வாக்கியத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. 'அது நான் எழுதியதில்லை, இதோ பக்கத்தில் இருக்கிறாளே, இவள் வேலை' என்று சொல்லியிருப்பார். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன். அவமானத்தோடு ஒரு சின்னக் கோபமும் எனக்கு இருந்தது. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு எப்படி இவர் நிம்மதியாக டீ குடிக்கிறார் என்று. அதனாலேயே சாயங்கால நடையைக் குறைத்தேன். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் மீட்டிங். அவர் ஒருமுறை "ஹால் சொல்லேன்" என்றார். "ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் அப்படியேதான்" என்றேன்.

இரண்டு மாதம் மோங் மட்டும் பார்த்தார். பேரேட்டில் வலப்பக்கம் நிறைந்துகொண்டு வந்தது, இடப்பக்கம் வெறும் கோடு. பிறகு வேலையை விட்டுவிட்டார். அம்மாவுக்கு முடியவில்லை, அண்ணனோடு இருக்கப் போகிறோம் என்றார். கடைசி நாளில் பேரேட்டை எனக்கு விட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் எனக்கு அவர் வேண்டும் என்று தெரிந்தது. தலையில் இருந்ததைக் கொட்ட ஆள் இல்லாமல், சி.எம்.எச். ரோட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோடோ போனில் பேசுகிறவள்போல் எனக்கு நானே பேசிக்கொண்டு நடந்திருக்கிறேன். அவர் எண்ணை மாற்றிவிட்டார். மர்பி டவுன் வீட்டில் வேறு குடும்பம். பக்கத்து வீட்டு அம்மா, "அத்திபெலே பக்கம் போனாங்க, அண்ணன் அங்கதான கட பார்த்துனு இருக்காரு" என்றார். எந்தக் கடை என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து அத்திபெலேயில் போய் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் உறைத்தது, கண்டுபிடித்தால் என்ன சொல்வது என்று நான் யோசிக்கவே இல்லை. எட்டுப் பத்துக் கடைகளில் எட்டிப் பார்த்தேன். லாரிகளும் ஓசூர் பஸ்களும் மண்ணை வாரியடித்துக்கொண்டு போயின. ஒரு கடையில் ஒரு ஷாம்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் வேறொரு கிளையண்ட் வந்து, பலூச்சி வேண்டும் என்றார்கள். பெரியவரின் எண்ணில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். பழைய பதிவுகள் இருக்கின்றனவே என்று எல்லாவற்றையும் மொத்தமாக துபாயில் இருக்கும் ஒரு புதிய ஆளுக்கு அனுப்பினோம். கேட்டு எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருளும் போட்டுத் தர வேண்டும். எங்கள் கருவி அழைப்பைத் தொடங்கியதுமே பதிவு செய்ய ஆரம்பித்துவிடும். அந்தக் கடைசி அழைப்பும் மூட்டையோடு போயிருக்கிறது. அந்த துபாய்க்காரர் ஒழுங்கான ஆள், எதையும் விடாமல் எழுதி அனுப்பியிருந்தார். நான் வரிசை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். முதலில் என் குரல் வந்தது, அதை வேகமாகத் தாண்டினேன். அடுத்து இது.

ஆண் குரல்: மகளே, நீயா அப்படி எழுதினாய்?

பெண் குரல்: ஆமாம். நான்தான் எழுதினேன்.

ஆண் குரல்: இத்தனை நாளில் நீ ஒன்றை இன்னொன்றைவிட மேல் என்று சொல்லி நான் கேட்டதே இல்லையே.

பெண் குரல்: இப்போது சொல்கிறேன். இரண்டில் மோங்தான் மேல்.

ஆண் குரல்: அந்தப் பெண் சொல்லி எழுதினாயா?

பெண் குரல்: இல்லை. அவளுக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவள் எனக்கு வேண்டியவள்.

அதற்குப் பிறகு வரிகள் இல்லை. பக்கத்து மேஜையில் யாரோ மதியம் என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு புடவையை, ஒரு மாப்பிள்ளையைக்கூட இது மேல் என்று சொல்லாதவர், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சொன்னார். அதுவும் பொய். எனக்காக, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் புரியாத மொழியில் சொல்லியிருக்கிறார்.